கிரேட் 12இல் வந்து நிற்காதீங்கோ



டிசம்பர் பிறந்தால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஒரு பருவம் தொடங்கும். கோயில் அன்னதான வரிசை, பிறந்தநாள் மண்டபம், மரக்கறிக் கடை, எங்க போனாலும் ஒரே கேள்விதான்: "பிள்ளை எங்க அப்ளை பண்ணுது?" ஜனவரி நடுப்பகுதியில் ஒன்ராறியோப் பல்கலைக்கழக விண்ணப்பங்களின் கெடு. அதற்கு முன்னாலுள்ள ஆறு கிழமையில் எங்கட அமைப்புகள் எல்லாவற்றுக்கும் திடீரெண்டு கல்வியில் அக்கறை வரும். போஸ்டர் வரும், சூம் லிங்க் வரும். வோட்டர்லூவில் படிக்கிற ஒரு தம்பியும் மக்மாஸ்டரில் படிக்கிற ஒரு தங்கச்சியும் வந்து தாங்கள் எப்படி உள்ளே போனவை எண்டு சொல்லுவினம். இந்த முறை நாங்களும் அப்படி ஒன்று வைப்பம் எண்டு போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன். கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிசம். மிச்சத்தை இங்கே எழுதுறன்.

பிள்ளைகளுக்கு உதவி செய்யிறதை நான் எதிர்க்கேல்ல. ஆறு வருசமாக சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு பொது நூலக மேசையில் இருந்து அதைத்தான் செய்யிறன். நான் எதிர்க்கிறது, எப்படியும் போகப்போற பிள்ளையை வாசல்மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு அதுக்கு சமூகத் தொண்டு எண்டு பெயர் வைக்கிறதை. அந்த வேர்க்‌ஷொப்புக்கு ஆர் வருகினம் எண்டு பாருங்கோ. 92 சராசரி இருக்கிற பிள்ளையும், அதை 95 ஆக்க வேணும் எண்டு நித்திரை கொள்ளாத தாய்தேப்பனும் வருவினம். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இல்லாட்டியும் ஒரு மச்சாள் இருக்கிறா, ரியூசன் வாத்தியார் இருக்கிறார், யூரியூப் இருக்கு. வராத பிள்ளைதான் எங்கட வேலை. அந்தப் பிள்ளை கிரேட் 12 டிசம்பரில் வராது. வந்தாலும் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

முதலில் விண்ணப்பத்தைப் பற்றி. ஏனெண்டால் அதைச் சுற்றிக் கட்டப்பட்ட பயத்தில்தான் ஒரு வியாபாரமே நடக்குது. ஒன்ராறியோவில் ஒரு பிள்ளை எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே மையத்தினூடாகத்தான் விண்ணப்பிக்குது. குவெல்ஃபில் இருக்கிற அந்த மையத்தை எல்லாரும் ஓயுஏசி எண்டு சொல்லுவம். 150 டொலருக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் மூன்று தெரிவு, அதுக்கு மேலே ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. மார்க்ஸை பள்ளிக்கூடமே அனுப்பும். பெரும்பாலான படிப்புகளுக்கு அவை பார்க்கிறது கிரேட் 12இல் சிறந்த ஆறு பாடங்களின் சராசரியைத்தான். அந்த ஆறும் 'யு' அல்லது 'எம்' எண்டு முடியிற பாடமாக இருக்க வேணும், அதில் ஒன்று 4யு ஆங்கிலமாக இருக்க வேணும். இவ்வளவுதான். அமெரிக்கப் படங்களில் வாற மாதிரி "என் வாழ்க்கையை மாற்றிய தருணம்" எண்டு கட்டுரை எழுதவேண்டியது ஒரு சில படிப்புகளுக்கு மட்டும்: மக்மாஸ்டர் ஹெல்த் சயன்ஸ், வோட்டர்லூ எஞ்சினியரிங், சில வணிகப் படிப்புகள். எல்லாமாகச் சேர்த்தாலும் ஒரு சின்னக் கூட்டம்.

ஆனால் எங்கட பத்திரிகை விளம்பரங்களைப் பாருங்கோ. "புரொஃபைல் பில்டிங்", "எஸ்ஸே கோச்சிங்", "அட்மிசன் கன்சல்டன்ற்". ஆறு மார்க்கின் சராசரியைத் தவிர வேறொன்றும் கேட்காத படிப்புக்கு ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு புரொஃபைல் கட்டிக் குடுக்கினம். கொஸ்கோவில் இரவு வேலை செய்யிற ஒரு அப்பா, தன்ர பிள்ளை கின்னெசியோலொஜிக்கு விண்ணப்பிக்க 1,800 டொலர் கட்டின ரசீதை எனக்குக் காட்டினார். அந்தப் பிள்ளைக்கு அந்தக் காசில் கிடைத்தது, இலவசமாகப் பதிவு செய்யக்கூடிய ஒரு இணையத்தளத்தில் மூன்று பெட்டியில் கிளிக் பண்ணின சேவை. ஏமாற்றினவரும் தமிழர்தான். "எங்கட ஆக்களுக்கு வழிகாட்டுறன்" எண்டு மேடையில் பொன்னாடையும் போர்த்துப்படுவார்.

சரி, அதை விடுங்கோ. கன்சல்டன்ற்மாரைத் திட்டுறது லேசான வேலை, நாங்கள் எல்லாரும் கை தட்டுவம். கடினமான பகுதி இனித்தான்.

மூன்று வருசத்துக்கு முன்னம் ஒரு நவம்பர் சனிக்கிழமை, கிரேட் 12 படிக்கிற ஒரு பிள்ளை வந்தா. நேர்ஸிங் செய்ய வேணும். அம்மா முதியோர் இல்லத்தில் பிஎஸ்டபிள்யூ, அதைப் பார்த்து வளர்ந்த ஆசை. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, மார்க்ஸும் எண்பதுக்கு மேலே. பாடப் பட்டியலைக் கேட்டன். தாளை எடுத்து வைத்தா. அதில் 4யு பயோலொஜியும் இல்லை, 4யு கெமிஸ்ற்றியும் இல்லை. அவ அவற்றை எடுக்க விரும்பாமல் விட்டவ இல்லை. எடுக்கவே முடியாது. ஏனெண்டால் கிரேட் 10இல் அவ எடுத்தது 'அப்ளைட்' சயன்ஸ். கிரேட் 11 யு பயோலொஜிக்கும் கெமிஸ்ற்றிக்கும் கிரேட் 10 'அகாடமிக்' சயன்ஸ் முன்தேவை. பதினாலு வயசில் ஒரு படிவத்தில் போட்ட ஒரு குறி, பதினேழு வயசில் வந்து கதவைச் சாத்துது. அவவுக்கோ அம்மாவுக்கோ அந்தக் குறியின் அர்த்தத்தை ஒருத்தரும் சொல்லேல்ல. "இது உங்கட மகளுக்கு வசதியாக இருக்கும்" எண்டு மட்டும் சொல்லியிருக்கினம்.

கணக்கிலும் அதே கதைதான். கிரேட் 10இல் அப்ளைட் கணக்கு எடுத்தால் கிரேட் 11இன் யு கணக்குக்குள் நேராகப் போக ஏலாது. அது இல்லாட்டி கிரேட் 12 அட்வான்ஸ்ட் ஃபங்சன்ஸ் இல்லை. அது இல்லாட்டி கொம்பியூட்டர் சயன்ஸ் இல்லை, எஞ்சினியரிங் இல்லை, பெரும்பாலான கொமேர்ஸ் படிப்புகளும் இல்லை. ஓம், சுற்றுவழிகள் இருக்கு. சமர் ஸ்கூல் இருக்கு, இரவுப் பள்ளி இருக்கு, இன்னொரு வருசம் இருந்து படிக்கலாம், கொலிஜில் பிராக்டிக்கல் நேர்ஸிங் செய்து பிறகு பிரிட்ஜிங்கில் ஏறலாம். அந்தப் பிள்ளைக்கு அவை எல்லாவற்றையும் நானும் இன்னொரு தோழியும் இரண்டு சனிக்கிழமை இருந்து எழுதிக் குடுத்தம். ஆனால் சுற்றுவழி எண்டால் பஸ் காசு, இன்னும் இரண்டு வருசம், பார்ட் டைம் வேலையை விட வேண்டி வாறது. வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு தனியார் பள்ளியில் சில நூறு டொலருக்கு ஒரு கிரெடிற்றை வாங்கி அந்த ஓட்டையை அடைச்சுப்போடும்.

ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்லவேணும். கொலிஜுக்குப் போறது தோல்வி எண்டு நான் சொல்லேல்ல. எலக்ட்ரீசியனாக வந்த என்ர பெறாமகன் எங்கட குடும்பத்தில் கடன் இல்லாத ஒரே ஆள். தெரிந்து தெரிவு செய்து கொலிஜுக்குப் போற பிள்ளையும், தெரிவே இல்லாமல் அங்க தள்ளப்படுற பிள்ளையும் ஒன்றில்லை. எனக்குப் பிரச்சினை அந்தத் தள்ளுதல்.

இந்தத் தள்ளுதலுக்கு ஒரு நிறம் இருக்கு. 2017இல் யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸின் தலைமையில் வெளிவந்த அறிக்கை, ரொறன்ரோ கல்விச் சபையின் சொந்தத் தரவுகளை வைத்தே இதைக் காட்டினது. வெள்ளையினப் பிள்ளைகளில் 81 வீதம் அகாடமிக் பாதையில். மற்ற நிறத்தவர் எண்டு வகைப்படுத்தப்பட்ட பிள்ளைகளில் 80 வீதம். கறுப்பினப் பிள்ளைகளில் 53 வீதம் மட்டும். அதே கறுப்பினப் பிள்ளைகளில் 42 வீதமானோர் உயர்பள்ளி முடியிறதுக்குள் ஒருக்காவாவது சஸ்பென்ட் செய்யப்பட்டிருந்தவை. இந்த எண்களை எங்கட ஆக்களுக்குக் காட்டினால், "பாத்தியளோ, எங்கட பிள்ளையள் 80இல்" எண்டு நெஞ்சை நிமிர்த்துவினம். அந்த 80க்குள் மார்க்கத்தில் இரண்டு கார் நிற்கிற வீட்டுப் பிள்ளையும் இருக்கு, எக்லிங்டன் பக்கத்து அடுக்குமாடியில் மூன்று குடும்பம் பகிர்ந்து இருக்கிற வீட்டுப் பிள்ளையும் இருக்கு. சராசரி, இரண்டாவது பிள்ளையை மறைச்சுப்போடும். போன ஆறு வருசத்தில் என்ர மேசைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளில் அப்ளைட்டுக்குள் விடப்பட்டவையின் முகவரிகளை வரைபடத்தில் குறிச்சால், நான்கைந்து அடுக்குமாடித் தொகுதிக்குள் அடங்கிப்போகும்.

போராடினதால் சிலது மாறினது. கறுப்பினப் பெற்றோரும் ஆசிரியர்களும் பல வருசம் கத்தினதால்தான் 2021இல் கிரேட் 9 கணக்கிலும், 2022இல் கிரேட் 9இன் மற்றப் பாடங்களிலும் இந்தப் பிரிப்பு நீக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் தமிழ் அமைப்புகளின் பதாகை ஒன்றைக்கூட நான் காணேல்ல. பலன் எங்கட பிள்ளைகளுக்கும் வந்தது. ஆனால் கிரேட் 10இல் அகாடமிக், அப்ளைட் பிரிப்பு இன்னும் இருக்கு. கதவு ஒரு வருசம் தள்ளிப்போயிருக்கு, அவ்வளவுதான். கிரேட் 9 பிள்ளை, குளிர்காலத்தில், பெப்ரவரியை அண்டி, அடுத்த வருசப் பாடங்களை ஒன்லைனில் தெரிவு செய்யும். பதினெட்டு வயசுக்குக் கீழ் எண்டபடியால் பெற்றோரின் கையெழுத்து வேணும். இரண்டு வேலை செய்யிற தாய், பிள்ளை நீட்டின தாளில், காரில் இருந்தபடி கையெழுத்துப் போடுவா. பள்ளிக்கூடத்தில் கைடன்ஸ் ஆசிரியர் ஒருவருக்கு 300, 400 பிள்ளைகள். அவரும் எத்தனை பேருடன் இருந்து கதைக்கிறது? நாங்கள் போய் நிற்கவேண்டிய இடம் அந்தக் கையெழுத்துப் போடுற நிமிசம்தான். நாங்களோ இரண்டு வருசமும் பத்து மாதமும் பிந்தி, சூம் லிங்கோட வாறம்.

அண்மையில் வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கம். கிரேட் 10இல் யாழ்ப்பாணத்தில் இருந்தோ இந்தியாவில் இருந்தோ வந்த பிள்ளைக்கு முதல் ஒன்றரை வருசம் ஈஎஸ்எல்லில் போகும். கட்டாய ஆங்கிலக் கிரெடிற் நாலில் மூன்றுவரை ஈஎஸ்எல்லால் நிரப்பலாம், நாலாவது கிரேட் 12 ஆங்கிலம்தான். அதுக்கும் பிறகு, மூன்று நாலு வருசம் ஆங்கிலத்தில் படிக்கேல்ல எண்டு சொல்லி பல பல்கலைக்கழகங்கள் ஐஈஎல்ரிஎஸ் மாதிரி ஒரு பரீட்சையும் கேட்கும். அந்தப் பரீட்சைக்கு 300 டொலர் அளவில் போகும். இதைப் பிள்ளை அறியிறது பெரும்பாலும் விண்ணப்பம் போட்ட பிறகு வாற ஒரு இமெயிலில்.

இப்ப "மெறிற்" பற்றிக் கதைப்பம்.

ஒன்ராறியோ அரசு 2025 மே மாதம் கொண்டுவந்து நவம்பரில் நிறைவேற்றின 33ஆம் சட்டமூலத்தில், பல்கலைக்கழகங்களும் கொலிஜ்களும் தனி விண்ணப்பதாரரின் மெறிற்றை வைத்தே சேர்க்க வேணும் எண்டு எழுதியிருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதே சட்டம்தான் பள்ளிக்கூடங்களுக்குள் பொலிசைத் திரும்பவும் கொண்டுவர வழி செய்யுது. 2017இல் ரொறன்ரோவில் போராடி வெளியேற்றினதை இப்ப சட்டமாக்கி உள்ளே விடுகினம். மெறிற்றும் பொலிசும் ஒரே தாளில் வந்தது தற்செயல் எண்டு நினைக்கிற ஆள் கைதூக்குங்கோ.

எனக்கு ஆத்திரம் அரசில் இல்லை, அது தன்ர வேலையைச் செய்யுது. எங்கட வட்ஸ்அப் குழுக்களில் இதுக்கு விழுந்த கைதட்டலில்தான். 2024இல் இன்னொரு ஆட்டம் நடந்தது, ஞாபகம் இருக்கும். பிரம்ப்ரனில் தொடங்க இருந்த ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 94 இடங்களில் 75 வீதத்தைப் பூர்வகுடி, கறுப்பின, மற்றும் சமத்துவம் மறுக்கப்பட்ட பிரிவினருக்கான வழிகளில் நிரப்பப்போகுது எண்டு செய்தி வந்தது. அந்த மூன்றாவது பிரிவில் தங்கட பிள்ளைகளும் அடங்கலாம் எண்டு வாசிச்சுக்கூடப் பார்க்காமல் எங்கட மாமாமார் கொதிச்சினம். அவை சொன்ன வசனம் எல்லா இடமும் ஒன்றுதான்: "தரப்படுத்தலால அங்க நாங்கள் பட்டது காணாதோ?"

இந்த வசனத்துக்கு மறுமொழி சொல்ல எங்கட தலைமுறைக்குத் தெரிய வேணும். 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு, தமிழ் மொழிமூலம் எழுதின பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளியும் சிங்கள மொழிமூலம் எழுதின பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளியும் வைத்தது. அது அப்பட்டமான இனப் பாகுபாடு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டா வேறொரு சங்கதி. அதால் அடிபட்டது யாழ்ப்பாணமும் கொழும்பும். அதே கோட்டாவால்தான் மன்னாரில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சிலர் முதன்முதலாக மருத்துவ பீடத்து வாசலைக் கண்டவை. இன்றைக்கும் இலங்கையில் 40 வீதம்தான் நாடு தழுவிய திறமை வரிசை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்ச 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த 5 வீதத்துக்குள் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இருக்கு. போர் தின்ற மண்ணில் இருந்து வாற ஒரு பிள்ளையிடம் போய், "தம்பி, மெறிற் இல்லாமல் வந்தனி" எண்டு எங்கட மாமாமார் சொல்லுவினமோ?

தரப்படுத்தலுக்கு முந்தின காலம் மெறிற்றின் பொற்காலமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடம் ஆரிட்டை இருந்தது, ஆரை உள்ளே விட்டது எண்டு கேளுங்கோ. 1930ஐ அண்டி, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் வாங்கில் சமமாக இருக்கலாம் எண்டு சொன்னதுக்காகப் பள்ளிக்கூடங்கள் எரிந்த ஊர் எங்கட ஊர். வாங்கில் இருக்க விடாமல் வைத்துப்போட்டு, பிறகு பரீட்சை மார்க்கை எண்ணி அதுக்குப் பெயர் திறமை. எங்கட வீடுகளில் தரப்படுத்தல் கதையைச் சொல்லேக்க இந்த அத்தியாயத்தை மட்டும் ஒருத்தரும் திறக்கிறதில்லை.

இஞ்சையும் "வெறும் மார்க்" எண்டு ஒன்று இல்லை. வோட்டர்லூ எஞ்சினியரிங், முந்தி அங்க வந்த மாணவர்கள் முதல் வருசத்தில் எவ்வளவு மார்க் இழந்தினம் எண்டு பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வேறு வேறு அளவில் விண்ணப்பதாரரின் சராசரியைத் தட்டிக் கழிச்சுப் பார்க்குது. 2018இல் குளோபல் நியூஸ் தகவல் அறியும் கோரிக்கை போட்டு அந்தப் பட்டியலை வெளியில் எடுத்தது. அப்ப ஒரு 90, எல்லா இடத்திலும் ஒரே 90 இல்லை. மெறிற்றைப் பூசிக்கிறவைக்கு இதில் முறைப்பாடு இல்லை. கறுப்பினப் பிள்ளைக்கு ஒரு இடம் ஒதுக்கினால் மட்டும் கணிதத்தின் தூய்மை கெட்டுப்போகும்.

அடுத்தது, இந்த மடலில் எனக்கு மிக முக்கியமானது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கு: கனடாவில் உங்களது நிலை என்ன? பெரும்பாலான பிள்ளைகள் ஒரு செக்கனில் தாண்டிப்போவினம். போன வருசம் ஒரு பெடியன் அந்தக் கேள்வியில் இருபது நிமிசம் நின்றான். 88 சராசரி. குடும்பத்தின் அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரேல்ல. தாய் என்னைக் கேட்டா, "உண்மையைப் போட்டால் கேஸுக்கு ஏதும் ஆகுமோ, தம்பி?"

ஒன்ராறியோவின் கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ குடிவரவு நிலை இல்லை எண்ட காரணத்துக்காகப் பள்ளிக்கூடம் பிள்ளையை மறுக்க ஏலாது. நல்ல சட்டம். ஆனால் அது கிரேட் 12ஓடு முடிஞ்சுபோகும். கோரிக்கை ஏற்கப்பட்டு பாதுகாக்கப்பட்டவர் எண்டு ஆன பிள்ளைக்கு உள்நாட்டுக் கட்டணம் உண்டு, ஓசாப் உண்டு. விசாரணைக்குக் காத்திருக்கிற பிள்ளை பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் விழும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் படிப்புக்கு ஒரு வருசத்துக்கு உள்நாட்டுப் பிள்ளைக்கு 6,000 டொலர் சொச்சம், வெளிநாட்டுப் பிள்ளைக்கு 60,000க்கு மேலே. ஓசாப்பும் இல்லை. ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே 88. இதில் மெறிற் எங்க நிக்குது? மெறிற்காரரே, ஒருக்கா வந்து சொல்லுங்கோ.

2009 ஒக்ரோபரில் ஓஷன் லேடியில் 76 பேர் வந்தினம். 2010 ஓகஸ்டில் சன் சீயில் 492 பேர். அந்தக் கப்பலில் ஒரு வயசுப் பிள்ளையாக வந்த ஆளுக்கு இப்ப பதினாறு தாண்டியிருக்கும். நாங்கள் அந்தக் கப்பல்களைப் பற்றி ஒவ்வொரு வருசமும் பேசுறம், கண்காட்சி வைக்கிறம், கவிதை வாசிக்கிறம். விசாரணைக்குக் காத்திருக்கிற பிள்ளைகளின் கட்டணத்தைப் பற்றி எந்தத் தமிழ் அமைப்பும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு முன்னால் போய் நின்றதை நான் காணேல்ல. ஸ்காபரோ வளாகத்தின் தமிழ் இருக்கைக்கு எங்கட சனம் மூன்று மில்லியன் டொலர் சேர்த்தது. நல்லது, சந்தோசம். காசு இருக்கு எண்டும் சேர்க்கத் தெரியும் எண்டும் அதில் இருந்து விளங்குது. அந்த வளாகத்துக்குள் கால்வைக்க ஏலாத தமிழ்ப் பிள்ளை பத்து நிமிச பஸ் தூரத்தில் இருக்கு எண்டதும் விளங்க வேணும். முடியாத கோரிக்கையும் இல்லை இது. யோர்க் பல்கலைக்கழகத்தில் 2017 தொடக்கம், நிரந்தர நிலை இல்லாத பிள்ளைகள் உள்நாட்டுக் கட்டணத்தில் படிக்க ஒரு வழி இருக்கு. அதைச் சாதிச்சது லத்தீன் அமெரிக்க, ஆபிரிக்க அகதிகளுடன் வேலை செய்த ஆக்களும், நிலை இல்லாத இளையோர் தாங்களும். அந்தப் பெடியனுக்கு அந்த வழியை நாங்கள் எடுத்துச் சொன்னம். அதுவரை அவனுக்கு அதை ஒருத்தரும் சொல்லியிருக்கேல்ல. அவன்ர பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது.

இனி எங்கட தோழர்களுக்கு. கூட்டத்தில் இரண்டு பேர் என்னை வேறு பக்கத்தால் எதிர்த்தினம். பல்கலைக்கழகமே முதலாளித்துவத்தின் தொழிற்சாலை, கடனில் பிள்ளையைக் கட்டிப்போடுற இடம், அதுக்கு ஆள் சேர்க்கிறது எங்கட வேலையோ எண்டு. தனிமனித முன்னேற்றத்தை அரசியல் எண்டு சொல்லாதே எண்டு. பேச்சு நல்லாய் இருந்தது. பேசின இரண்டு பேரிடமும் டிகிரி இருக்கு, ஒருத்தரிடம் இரண்டு. என்னிடமும் ஒன்று இருக்கு, அதின்ர லோனும் இருக்கு. உள்ளே போய்ப் பார்த்து வெறுத்தவைக்கு அந்த வெறுப்பை மேடையில் சொல்லுறது லேசு. முதியோர் இல்லத்தில் பதினாறு மணித்தியாலம் நிக்கிற தாயிடம் போய் உங்கட மகள் படிச்சும் பிரயோசனம் இல்லை எண்டு சொல்லுறதுக்கு எங்களுக்கு உரிமை இல்லை.

அதோட, ஒரு படிவத்துக்கு முன்னால் இருந்து வேலை செய்து பார்த்த ஆளுக்குத்தான் அந்த அமைப்பு எங்க எங்க வெட்டுது எண்டு தெரியும். கிரேட் 10 முன்தேவைப் பட்டியல், நிலை பற்றின கேள்வி, 300 டொலர் ஆங்கிலப் பரீட்சை, ஓசாப்பில் பெற்றோர் வருமானக் கட்டம். 2019 ஜனவரியில் மாகாண அரசு ஓசாப்பை வெட்டினபோது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இருந்த இலவசக் கல்வி போனது. அதை நான் அறிக்கையில் வாசிக்கேல்ல. அந்தக் கோடையில் ஒரு பிள்ளையின் மதிப்பீட்டுத் தாளில், கிரான்ற் இருந்த இடத்தில் லோன் இருந்ததைப் பார்த்தன். ஆர்ப்பாட்டத்துக்குச் சனம் சேர்க்கிறது எங்க எண்டு அடிக்கடி கேட்கிறம். அந்தத் தாளைக் கையில் வைச்சுக்கொண்டு நிக்கிற தாயைவிட ஆர் வருவினம்?

எனவே என்ர யோசனை இது. ஜனவரி வேர்க்‌ஷொப்பைக் கைவிடுவம். அதுக்குப் பதிலாகப் பெப்ரவரியில், பாடத் தெரிவு நடக்கிற கிழமைகளில், கிரேட் 8, 9, 10 பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவம். மண்டபமும் வேண்டாம், வோட்டர்லூத் தம்பியின் வெற்றிக் கதையும் வேண்டாம். அடுக்குமாடியின் உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு மேசை போட்டாலே காணும், ஞாயிற்றுக்கிழமை எண்டால் கட்டிடத்தில் பாதிப் பேரை அங்க காணலாம். தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் எண்டு எழுதாதீங்கோ. பக்கத்து வீட்டு சோமாலியப் பிள்ளைக்கும் கயானாப் பிள்ளைக்கும் அதே கிரேட் 10 படிவம்தான். பாடக் குறியீட்டின் கடைசி எழுத்து எதைத் திறக்கும், எதைப் பூட்டும் எண்டு தமிழில் ஒரு தாள் எழுதியிருக்கிறன். சரிபார்க்கவும் மற்ற மொழிகளுக்கு மாற்றவும் ஆள் வேணும். கைடன்ஸ் ஆசிரியரைச் சந்திக்கப் போற தாயுடன் கூடப் போக ஆள் வேணும். மொழிபெயர்க்க மட்டும் இல்லை, "ஏன் அப்ளைட்?" எண்டு கேட்க. தாய் கேட்டால் ஒரு மறுமொழி வரும், ரெண்டு பேராய்ப் போய்க் கேட்டால் வேற மறுமொழி வரும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறன்.

போற வீடுகளில் இன்னொன்றும் கேளுங்கோ: கனடா லேர்னிங் பொண்ட் எடுத்ததோ எண்டு. 2004இலோ அதுக்குப் பிறகோ பிறந்த, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அரசு 2,000 டொலர்வரை கல்விச் சேமிப்புக் கணக்கில் போடும். பெற்றோர் ஒரு சதமும் போடத் தேவையில்லை, கணக்கைத் திறந்தால் போதும். பழைய வருசங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். நான் கேட்ட வீடுகளில் பாதிக்கு மேலே இந்தப் பெயரையே கேள்விப்படேல்ல. புரொஃபைல் பில்டிங் பற்றிக் கேள்விப்பட்டிருக்கினம்.

நிலை பற்றின வேலையை வேறு மூன்று பேர் பொறுப்பெடுக்க வேணும். அது கவனமாகச் செய்யவேண்டிய வேலை. பெயர்கள் எங்கட கூகிள் சீற்றில் போகக் கூடாது, வட்ஸ்அப்பிலும் போகக் கூடாது. எந்தப் பெட்டியில் என்ன போடுறது எண்டு எங்கட ஊகத்தில் சொல்லாமல், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆளிடம் கேட்டுத்தான் சொல்ல வேணும். அதோட, கோரிக்கை நிலுவையில் உள்ள பிள்ளைகளுக்கு உள்நாட்டுக் கட்டணம் எண்ட ஒற்றைக் கோரிக்கையுடன், முதலில் ஸ்காபரோ வளாகத்துக்கு ஒரு கடிதம். வரைவு என்னிடம் இருக்கு. அதில் மாணவர் சங்கங்களின் கையெழுத்து வேணும், அங்க படிக்கிற தோழர்கள் கைதூக்குங்கோ.

இந்தப் பருவத்தில் விண்ணப்பிக்கிற கிரேட் 12 பிள்ளைகளை நடுத்தெருவில் விடச் சொல்லேல்ல. கெடு முடியும்வரை சனிக்கிழமை மேசை வழமைபோல, மத்தியானம் ஒன்றில் இருந்து நாலுவரை. கொம்பியூட்டர் இரண்டுதான் இருக்கு, லப்டொப் உள்ள ஆக்கள் கொண்டு வாங்கோ. பெப்ரவரி வேலைக்கு வரக்கூடியவை, எந்தக் கட்டிடத்தில் ஆக்களைத் தெரியும், எந்த மொழி கதைப்பியள், கார் இருக்கோ எண்டு எழுதி இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. என்ர யோசனை நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது. இந்த முறை எனக்கு மூன்று நிமிசம் காணாது எண்டு தலைமை தாங்கிற தோழருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறன்.